கொலுவில் ஒரு தெப்பம்

நவராத்திரியின் முதல் வெள்ளிக்கிழமை, மாலை ஆறு இருபதுக்கு எல்லாம் கோணலாக ஆரம்பித்தது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. கொண்டைக்கடலைச் சுண்டலில் தேங்காயைத் தூவிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் யாரையும் காணோமே என்று நினைத்த அதே நொடியில் வாசல் மணி அடித்தது.

வந்தவர் என் கணவரின் அக்கா. ஆதம்பாக்கத்திலிருந்து ரயிலேறி வந்திருந்தார். எங்கள் குடியிருப்பில் மாடியில் இருக்கும் மாமியும் லிஃப்டில் அவரோடு சேர்ந்துகொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொண்டே கூடத்துக்குள் வந்தார்கள். படிகளைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் படிகளுக்கு இடதுபுறம் தரையைப் பார்த்தார்கள். பேச்சு நின்றது.

வழக்கமாக அந்த இடத்தில்தான் எல்லா வீட்டிலும் பார்க் கட்டுவார்கள். கண்ணாடித்துண்டைக் குளமாக்கி, வாத்து விட்டு, முளைவிட்ட கேழ்வரகைப் புல்வெளியாக்கி, கிரிக்கெட் செட்டைப் பரப்பி வைப்பார்கள். எங்கள் வீட்டில் இந்த வருடம் அங்கே பார்க் இல்லை. என் பழைய கரும்பச்சைப் பட்டுப்புடவை சுருட்டி மடக்கி அலையாகக் கிடந்தது. அதன்மேல் பெட்டிப் பலகைகளைக் கயிற்றால் கட்டிய ஒரு தெப்பம். தெப்பம் முழுக்க மனிதர்கள். பாதிப் பேர் படுத்திருந்தார்கள்.

"ஏண்டி, என்னடி இது, தசாவதாரத்துக்குப் பக்கத்துல பஸ் ஆக்சிடென்ட் மாதிரி?" என்றார் நாத்தனார்.

"எம் பொண்ணு பண்ணினது, அக்கா. ஒரு பெயிண்டிங் இருக்கு. பிரான்ஸ்ல ஒருத்தர் போட்டது. ரொமான்டிக் பெயிண்டிங்னு சொல்லுவா."

மாடி மாமி குனிந்து பார்த்தார். "ரொமான்டிக்கா? நான் ஏதோ ஆம்பளை பொம்பளை சமாசாரம்னு நெனச்சேன். பொணம்னா கெடக்கு!"

இங்கே நிறுத்தி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மேல் கோபம் உள்ளவர்கள் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களும் முழுதாகக் கேட்கட்டும்.

அவளுக்கு வயது பதினெட்டு. மருத்துவ நுழைவுத் தேர்வுக்காக தி.நகரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்திருந்தாள். கொஞ்ச நாளில் மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் குறைந்தவர்களைத் தனியாகப் பிரித்து மொட்டை மாடியில் தகரக்கூரை போட்ட அறைக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசி பேட்ச் என்று பெயர். நல்ல ஆசிரியர்கள் அந்தப் படியேறி வருவது மெல்ல மெல்ல நின்றது. ஒரு நாள் மத்தியானம் மகள் பாதியில் வீடு திரும்பினாள். அலமாரியிலிருந்த தன் படங்களையெல்லாம் எடுத்து, சின்ன வயதிலிருந்து வரைந்தவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றாகக் கிழித்தாள். அழவில்லை, கத்தவில்லை. மாவு சலிப்பது போல நிதானமாக உட்கார்ந்து கிழித்தாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. யாராவது கவர் பிரித்தால்கூடத் திரும்பிப் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் பேசுவது நின்றது. சாப்பாடு பேருக்கு. கூடப் படித்தவர்கள் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள். பிறகு அவர்களும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அடையாறில் ஒரு மருத்துவரிடம் போனோம். மருந்து கொடுத்தார். "போனைத் தவிர வேற எதையாவது கையில குடுங்க" என்றும் சொன்னார். திரும்பும் வழியில் லஸ் முனையில் இறங்கி, நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் இருந்ததிலேயே பெரிய புத்தகத்தை வாங்கினேன். அட்டை இல்லை. ஐரோப்பிய ஓவியங்கள், எல்லாம் வண்ணப் படங்கள். இவ்வளவு கனமான புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது என்பதுதான் என் கணக்கு.

முதலில் நான்தான் புரட்டினேன். அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஓவியர்களின் பெயர்களை நான் எழுத்துக் கூட்டிப் படித்தபோது அவள் உதடு லேசாக வளைந்தது. "அப்படிச் சொல்லக்கூடாதும்மா" என்றாள். வெகு நாளுக்குப் பிறகு கேட்ட முழு வாக்கியம். அதனால் வேண்டுமென்றே இன்னும் தப்பாகச் சொன்னேன். கடைசியில் எங்களுக்குள் பட்டப்பெயர்கள் வைத்துக்கொண்டோம். அவற்றையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதுகுக்காரர் ஜெர்மன்காரர். அவர் படத்தில் மனிதர்கள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூடுபனியையோ கடலையோ பார்த்து நிற்பார்கள். புயல்காரர் ஆங்கிலேயர். பனிப்புயலைப் பார்ப்பதற்காகக் கப்பல் கொடிமரத்தில் தன்னைக் கட்டிப்போடச் சொன்னதாக அவரே சொல்லிக்கொண்டாராம். நிஜமோ பொய்யோ, படத்தைப் பார்த்தால் கட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார் என்று தோன்றுகிறது. கப்பல் எங்கே, கடல் எங்கே, வானம் எங்கே என்று பிரிக்க முடியாது. காது கேட்காதவர் ஸ்பெயின்காரர். ராஜாவுக்குப் படம் வரைந்தவர், வயதான பிறகு தன் வீட்டுச் சுவர்களிலேயே யாருக்கும் காட்டாமல் பயங்கரங்களை வரைந்தார். அதில் ஒரு நாய் இருக்கிறது. தலை மட்டும் தெரியும், மீதியெல்லாம் வெற்று மஞ்சள். என் மகள் அந்தப் பக்கத்தை ஒரு முழு மத்தியானம் பார்த்தாள். நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன், பயந்துகொண்டே.

தமிழில் இந்த ரொமான்டிக் பாணிக்குக் கற்பனாவாதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் சம்மதமில்லை. நாலாவது ஆளைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர், மிகவும் இளம் வயது. நாங்கள் அவரை மொட்டை என்றுதான் கூப்பிடுவோம். வெளியே விருந்துக்குப் போகும் ஆசை வரக்கூடாது என்று தலையை மழித்துக்கொண்டு அறைக்குள் அடைந்து இந்தத் தெப்பத்தை வரைந்தவர். நிஜமாக அழிந்த ஒரு கப்பலின் கதை அது. செல்வாக்கால் பதவிக்கு வந்த தலைவன் கப்பலைத் தரைதட்ட விட்டான். அதிகாரிகள் படகுகளில் ஏறிக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்களைப் பலகைகளால் கட்டிய தெப்பத்தில் ஏற்றி, கயிற்றால் இழுத்துப் போவதாகச் சொன்னார்கள். கொஞ்ச தூரம் போனதும் கயிற்றை விட்டுவிட்டார்கள். மொட்டை அதில் பிழைத்தவர்களைத் தேடிப் போய்ப் பேசினார். பிணவறைக்குப் போய்ச் சடலங்களைப் பார்த்து வரைந்தார். தெப்பத்தில் குப்புறக் கிடக்கும் ஒருவனுக்காக அவருடைய நண்பர் ஒருவர் படுத்துக் காட்டினார், அவரும் பின்னாளில் பெரிய ஓவியர். இதில் கற்பனை எங்கே இருக்கிறது? அரசாங்கம் மறைக்கப் பார்த்ததைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, ஊர் நடுவில் மாட்டி, பார் என்றார்.

நான் இதைப் படித்துச் சொல்லி முடித்ததும் மகள் சொன்னாள்: "எங்களையும் மாடில ஏத்திட்டுக் கயித்தை விட்டுட்டாம்மா."

அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக அழுதாள். அப்புறம் சாதம் கேட்டாள்.

அதனால் நவராத்திரிக்குப் பொம்மைப் பெட்டியை இறக்கியபோது, "பார்க்குக்கு பதிலா நான் அதைப் பண்ணட்டுமா?" என்று அவள் கேட்டதும் நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டும் என்று பலர் இப்போது சொல்கிறார்கள். இப்போது கேட்டாலும் யோசிக்க மாட்டேன்.

எங்கள் பெட்டியில் அடியில் ஒரு துணிமூட்டை உண்டு. உடைந்த பொம்மைகள். அவற்றைப் படியில் வைக்கக்கூடாது, தூக்கிப் போடவும் மனசு வராது, வருடா வருடம் வெளியே எடுத்துத் திரும்பக் கட்டி வைப்போம். மகள் சாமி பொம்மைகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டாள். கல்யாண செட்டில் பாதம் உடைந்த மாப்பிள்ளை. கூடை போன காய்கறிக்காரி. நாயனம் இல்லாத நாயனக்காரர். செட்டியாரம்மாள் உடைந்து போய், தனியாளாகிவிட்ட செட்டியார். கிரிக்கெட் செட்டில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து விழும் ஒருவன் உண்டல்லவா, அவன் கை போயிருந்தது. அவனைக் குப்புறப் போட்டாள். அசல் படத்தில் இறந்துபோன பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வேறெங்கோ பார்க்கும் ஒரு கிழவர் இருக்கிறார். அந்த இடத்தில் செட்டியாரை உட்கார வைத்து, மடியில் மாப்பிள்ளையைக் கிடத்தினாள். ஒவ்வொரு வருடமும் பருப்புக் கிண்ணங்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்த அதே செட்டியார்தான். கொஞ்சம் தலையைச் சாய்த்து வைத்ததும் எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லோருக்கும் உச்சியில், பாண்டு செட்டிலிருந்து டிரம் அடிப்பவன். தூக்கிய கையில் குச்சி உடைந்திருந்தது. அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள். எங்கோ தூரத்தில் போகிற கப்பலைப் பார்த்துத் துணியை ஆட்டுகிறான். தெப்பத்தின் பாய்மரத் துணிக்கு என் கணவரின் வேஷ்டியில் ஒரு முழம் போயிற்று. "புதுசு" என்று மட்டும் சொன்னார் அவர்.

இப்போது வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

நாத்தனார் உட்காரவில்லை. "பொம்மையை என்னிக்குடி படுக்க வெப்போம்? சொல்லு."

"தசமி ராத்திரி."

"படுக்க வெச்சா என்ன அர்த்தம்?"

"கொலு முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"அப்போ இன்னிக்கே இத்தனை பேரைப் படுக்க வெச்சா அம்பாள் என்ன நெனச்சுப்பா? கெளம்புன்னு சொல்றான்னு கெளம்பிடமாட்டாளா?"

சத்தியமாக எனக்கு இது தோன்றியிருக்கவில்லை. ஓவியத்தைப் பற்றி எந்த விமரிசகரும் எழுப்பியிருக்க முடியாத கேள்வி. அப்புறம் என் கண் மூன்றாம் படிக்குப் போயிற்று.

"ரங்கநாதர் படுத்துண்டுதானேக்கா இருக்கார்? முதல் நாள்லேர்ந்து படுத்துண்டிருக்கார். அவரை எழுப்பி உக்கார வையுங்கோ, நான் இவாளையும் எழுப்பறேன்."

மாடி மாமி சிரித்தேவிட்டார். பிறகு புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "ஆனா மாப்பிள்ளையைப் படுக்க வெச்சிருக்காளேடிம்மா. எங்காத்துல தை மாசம் கல்யாணம். நான் எப்படிக் குங்குமம் வாங்கிக்கறது இங்க?" என்றார்.

"பெருமாள் தூங்கறார்டி," என்றார் நாத்தனார். "இவா செத்துன்னா போயிருக்கா."

உள்ளறை வாசலில் நின்றிருந்த மகள் அப்போது பேசினாள். வெளி மனிதர்கள் முன்னால் அவள் வாய் திறந்து எத்தனையோ மாதமாகியிருந்தது. "எல்லாரும் சாகலை அத்தை. பாதிப் பேர் எழுந்து கையைக் காட்டிண்டிருக்கா."

"நீ சும்மா இரு. டாக்டர் படிப்பும் போச்சு. ஒழுங்கா ஒரு பொம்மை வெக்கவும் தெரியலை."

மகள் உள்ளே போய்விட்டாள். கதவுகூடச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். பாக்கு தட்டில் உருண்டது. ஆனால் குரல் நடுங்கவில்லை. "வெச்ச கொலுவை நடுவுல கலைக்கப்படாதுக்கா. கல்யாணமான வருஷம் நீங்கதான் எனக்குச் சொல்லிக்குடுத்தேள். தசமி வரைக்கும் ஒரு பொம்மையும் நகராது. எடுத்துக்கறேளா?"

அவர் எடுத்துக்கொள்ளவில்லை. போனை எடுத்துத் தெப்பத்தைப் படம் பிடித்தார். லிஃப்ட் கீழே போய்ச் சேருவதற்குள் எங்கள் குடும்பக் குழுவில் அந்தப் படம் வந்துவிட்டது. 'இதுதான் இந்த வருஷம் நம்மாத்துக் கொலு லட்சணம்' என்று கீழே எழுதியிருந்தார். மாமி அதைக் குடியிருப்புக் குழுவுக்கு அனுப்பினார். அங்கிருந்து எங்கெங்கே போயிற்றோ.

அடுத்த நாள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மயிலாப்பூரில் நவராத்திரி மாலை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். மாடிப்படியெல்லாம் பட்டுப்புடவைச் சரசரப்பு, குழந்தைகளின் பாட்டு, எதிர்வீட்டு மணி, மேல்வீட்டு மணி. எங்கள் மணி மட்டும் அடிக்கவில்லை. பட்டாணிச் சுண்டல், பயத்தம்பருப்புச் சுண்டல், மொச்சைச் சுண்டல் எல்லாவற்றையும் நாங்கள் மூவருமே தின்றோம். காவல்காரருக்கும் கொடுத்தோம். "மேடம், எனக்கு கேஸ் பிடிக்குது" என்று அவரும் கும்பிட்டுவிட்டார்.

என் கணவர் நல்ல மனிதர். யாருடைய மனமும் கோணக்கூடாது என்று நினைப்பவர். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "தெப்பம்தானே? தெப்போற்சவம்னு சொல்லிடலாமே. உச்சில அந்த டிரம்காரனை எடுத்துட்டு ஒரு சின்ன கபாலியை வெச்சுட்டா முடிஞ்சது. தைப்பூசத்துக்குக் குளத்துல பார்க்கறோமே, அதேதான். படுத்திருக்கறவா சேவிக்கறான்னு வெச்சுக்கலாம்."

மகள் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "நல்லா இருக்குப்பா," என்றாள். "எது வேணும்னாலும் வெச்சுக்கோங்கோ."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். படங்களைக் கிழித்த நாளின் அதே நிதானம் அதில் இருந்தது. அன்றிலிருந்து நான் கூடத்தை விட்டு நகரவில்லை. அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னேன். அவள் தெப்பத்தைக் கடந்து தண்ணீர் குடிக்கப் போனால்கூட நான் எழுந்து நின்றேன். நாத்தனாரோ மாமியோ என்ன நினைத்தால் என்ன? இதை அவள் தன் கையாலேயே கலைத்துவிட்டால் மறுபடி எதையும் செய்யமாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பெற்றவளுக்குத் தெரியும்.

சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் மாடி மாமி போன் செய்தார். கெட்டவர் இல்லை அவர். "கடைசி நாளாச்சேடிம்மா, வராம இருக்கறது எனக்கே கஷ்டமா இருக்கு. அதை மட்டும் ஒரு போர்வையைப் போட்டு மூடிடேன். அஞ்சு நிமிஷம் வந்து குங்குமம் எடுத்துண்டு போயிடறேன். நான் வந்தா மத்தவாளும் வருவா."

"மூட முடியாது மாமி. நீங்க கண்ணை மூடிண்டு வேணா வாங்கோ," என்றேன்.

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மகள் தெப்பத்தின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். ஒரு கை செட்டியாரின் தோளில் இருந்தது.

"விடும்மா. கலைச்சுடறேன்."

"கையை எடு."

"யாருக்காக வெச்சிருக்கணும்? யாருமே வரலை. யாரும் பார்க்காத கொலுவுக்கு என்ன சாஸ்திரம்?"

"நான் பார்க்கறேனே."

"நீ என் அம்மா. நீ பார்த்தா கணக்குல வராது."

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. ஆனாலும் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கெஞ்சுவதற்காகப் பிடிக்கவில்லை, விடக்கூடாது என்று இறுக்கிப் பிடித்தேன். "கணக்குல வரலைன்னா வராம போகட்டும். காது கேட்காதவர் தன் வீட்டுச் சுவத்துல வரைஞ்சாரே, யாரைக் கூப்பிட்டுக் காட்டினார்? மொட்டையோட படத்தைப் பார்த்துட்டு மூஞ்சியைச் சுளிச்சவா எத்தனை பேர்? அவா பேரெல்லாம் அந்தப் புஸ்தகத்துல எங்கயாவது இருக்கா? நாளைக்கு ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சு, ஆரத்தி எடுத்து, முறைப்படி எடுத்து வெப்போம். அதுவரைக்கும் தொட்டேன்னா கையை உடைப்பேன்."

என் வாழ்நாளில் நான் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அவள் மணிக்கட்டில் நாடி துடிப்பது என் விரல்களில் தெரிந்தது.

அப்போது மணி அடித்தது.

கதவைத் திறந்தவர் என் கணவர். வாசலில் ஒரு பெண், என் மகள் வயது, தோளில் ஒரு பை. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இது தானே அங்கிள் அந்தத் தெப்பக் கொலு வீடு? கீழ வாட்ச்மேன் சொன்னாரு," என்றாள் முன்னால் நின்றவள். "நாங்க உங்க பொண்ணுகூட டி.நகர்ல படிச்சோம் அங்கிள். கடைசி பேட்ச். திருவான்மியூர்லேந்து வரோம். பஸ்ஸே கெடைக்கல."

மகள் எழுந்திருக்கவில்லை. என் கையிலிருந்து தன் கையையும் விடுவித்துக்கொள்ளவில்லை. "எப்படிடி தெரியும்?" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"எங்க அபார்ட்மென்ட் குரூப்ல வந்துச்சுடி உன் கொலு. கொலுவுல பொணம் வெச்ச பொண்ணுன்னு போட்டுக்கினு கீறாங்க. நான் பாத்தவுடனே சொன்னேன், இவளத் தவிர வேற எவ செய்வா? போன் பண்ணா எடுக்க மாட்ட. அதான் நேரா வந்துட்டோம்."

அவள் உள்ளே வந்தாள். படிகளைப் பார்த்து அவசரமாக ஒரு கும்பிடு போட்டாள். பையைச் சுவரோரம் எறிந்துவிட்டு என் மகளுக்குப் பக்கத்தில், புடவைக் கடலின் ஓரத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்ற இருவரும் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். உட்கார்ந்தவள் செட்டியாரைப் பார்த்தாள், மடியில் கிடந்தவனைப் பார்த்தாள், மெல்ல உச்சிவரை பார்த்தாள். பிறகு முழங்கையால் என் மகளை இடித்தாள்.

"இன்னாடி, இதுல நான் யாரு? அந்தக் குப்புறப் படுத்துக்கினு கீறவன்னு மட்டும் சொல்லாத, சொல்லிட்டேன். மேல நிக்கிறான் பாரு டிரம்முக்காரன், அவன எனக்குக் குடு."